கைக்குழந்தையும் மயக்க மருந்தும்

மும்பை மாநகரில், வடாலாவுக்கும் சயனுக்கும் நடுவே, ஆண்டாப் ஹில் என்றொரு சிறு குன்று இருக்கிறது. அதைச் சுற்றி மத்திய அரசாங்க ஊழியரின் குடியிருப்பு பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் நடந்தால் மாதுங்கா. மறு பக்கம் நடந்தால் தாராவி. இரண்டு இடங்களிலும் தமிழைக் கேட்கலாம். அக்குடியிருப்பில் வாழ்பவன் நான். ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். தாய்மொழியாகிய தமிழுக்கு அலுவலகத்தில் வேலை இல்லை. அண்டை அயலார்தாம் அவ்வப்போது அந்த வேலையைத் தருகின்றனர்.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எங்கள் கட்டிடத்தின் கீழ்த் தளத்திலிருந்து ஓர் இளந் தம்பதியர் ஒரு தாளுடன் வந்தனர். அவர்களுடைய ஆண் குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். பிறந்த நாள் முதல் அதன் வலக் கை தோளிலிருந்து துவண்டு தொங்கிற்று. கழுத்தில் அறுந்த நரம்புகளை ஒட்ட வைக்க வேண்டும் என்றும், அதற்கு முன்னர் மயக்க நிலையில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். கொண்டு வந்த தாள் அதற்கான இசைவுப் படிவம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த குழந்தையின் பாட்டி, தமக்குப் புரியும்படி யாராவது படித்துச் சொன்னாலன்றிக் கையெழுத்துப் போடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஆச்சி அமைதியாகக் கேட்டுக் கொண்டிருந்தார். முடிவில் ஒரு கேள்வி கேட்டார்: “மயக்கம் கொடுத்தா வலி தெரியாதுன்னு போட்டிருக்கு, சரிதான் தம்பி. பேசத் தெரியாத பிள்ளைக்கு வலி தெரியலேன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்று படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஓர் உண்மை புலனாயிற்று. அந்த மூதாட்டி கேட்ட கேள்வியை மருத்துவ உலகம் முறையாகக் கேட்டு விடை காண, மயக்க மருந்து பிறந்த பிறகு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அந்த வரலாற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றி. கழுத்துத் தண்டிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னி, தோள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. இதனைப் புய நரம்புப் பின்னல் என்பர். பேற்றின்போது தலை வெளிவந்த பின் குழந்தையின் தோள் சிக்கிக் கொள்வதுண்டு. அந்த நெருக்கடியில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள நரம்புகள் இழுபடுகின்றன. சில வெறுமனே நீள்கின்றன, சில கிழிகின்றன, சில வேரோடு தண்டிலிருந்து பிடுங்கப்படுகின்றன. ஆயிரம் பேறுகளில் ஒன்று முதல் மூன்று வரை இப்படி நேர்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கை தானாகவே உயிர் பெற்றுவிடுகிறது. எஞ்சியவர்களுக்கே அறுவை தேவைப்படுகிறது.

இந்நோயை முதன்முதல் ஏட்டில் குறித்தவர், 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பேறு பார்ப்பதில் புகழ் பெற்றிருந்த வில்லியம் ஸ்மெல்லி. அவர் கண்ட குழந்தைக்கு இரு கைகளும் செயலற்றிருந்து, சில நாட்களில் சரியாயின. 1872-இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் இதற்குப் பேற்று வாதம் என்று பெயரிட்டார். 1874-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் எர்ப், மேல் வேர்கள் இரண்டும் கெடுவதால் வரும் வாதத்தை விளக்கினார். 1885-இல், பாரிஸில் மருத்துவம் பயின்று கொண்டிருந்த அகஸ்டா குளும்ப்கே என்ற பெண்மணி, கீழ் வேர்கள் கெடுவதால் வரும் வாதத்தை விளக்கினார். பெண்களை மருத்துவமனைப் பயிற்சிக்குச் சேர்க்கலாமா என்று பாரிஸ் நகரமே வாதிட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஆக, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நோய் இன்னது என்பது தெரிந்துவிட்டது. அதைத் திறந்து பார்த்துச் செப்பனிட வேண்டுமானால், கைக்குழந்தையை மணிக்கணக்கில் அசையாமல் கிடத்த வேண்டும். அதற்கு வழி இருந்ததா என்பதே கேள்வி.

வழி ஒன்று 1846-இலேயே பிறந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர், ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து ஒருவரை உணர்விழக்க வைத்தார். கழுத்திலிருந்த கட்டியை வேறொருவர் அறுத்தார். அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவப் பேரறிஞர், இந்த நிலைக்கு ‘அனஸ்தீஷியா’ என்று பெயர் வைக்கலாம் என்று மார்ட்டனுக்கு எழுதினார். கிரேக்க மொழியில் அதன் பொருள் உணர்வின்மை. நம் நாட்டிலோ இதற்கு ‘மயக்கம்’ என்ற பழஞ்சொல்லே நிலைத்துவிட்டது. வெயிலில் தலைசுற்றி விழுவதும் மயக்கம்; கள் குடித்துக் கிடப்பதும் மயக்கம்; பொருள் தெளியாமல் தடுமாறுவதும் மயக்கம். ஆச்சியின் அச்சத்தில் பாதி இந்தச் சொல்லிலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றிற்று.

அறுவைக்கு முன் நோயாளிக்கு மது அருந்தத் தரலாம் என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது. போஜராஜனின் தலையைத் திறந்து சிகிச்சை செய்யச் சம்மோகினி என்ற மருந்தால் அவனை உணர்விழக்கச் செய்ததாக, பிற்காலத்துப் போஜப் பிரபந்தம் கதை கூறுகிறது. ஆயினும் சோதித்துப் பார்த்த மயக்க மருந்து நம் நாட்டுக்குக் கப்பலில்தான் வந்தது. பாஸ்டன் செய்தி பரவிய ஐந்தே மாதங்களில், 1847 மார்ச்சு மாதம், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஈதர் கொடுத்து அறுவை நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தினார். 1848 ஜனவரியில் அதுவும் கல்கத்தாவை எட்டிவிட்டது.

அதே 1847-ஆம் ஆண்டில்தான் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். தமிழர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பிக்க வேண்டும் என்று துணிந்து, தம் மாணவர்களின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். மகப்பேற்று நூல் ஒன்று 1857-இலும், ‘இரண வைத்தியம்’ என்ற அறுவை நூல் 1867-இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அவரை நினைத்தால் வியப்பும் நாணமும் ஒருங்கே உண்டாகின்றன. ஒரு பாட்டிக்கு ஒரு படிவத்தைத் தமிழில் சொல்ல நான் பட்ட பாட்டை, அவர் ஒரு மருத்துவப் பள்ளிக்கே பட்டிருக்கிறார்.

மயக்க மருந்து குழந்தைகளுக்கும் தொடக்கத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. லண்டனில் ஜான் ஸ்னோ ஓராண்டு நிறையாத குழந்தைகளே நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் குளோரோபாரம் கொடுத்திருக்கிறார். வாந்திபேதி தண்ணீரால் பரவுவதை நிறுவியவரும் அவரே. மருந்தின் அளவு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு செல்கிறது என்று கணக்கிட்டவர் அவர். ஆனால் எல்லாரும் ஸ்னோ அல்லர். 1848 ஜனவரியில், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் பெற்ற ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். மருந்தால் மூச்சு நிற்கிறதா, இதயம் நிற்கிறதா என்ற சர்ச்சை அன்று எழுந்து அறுபது ஆண்டுகள் ஓயவில்லை.

அந்தச் சர்ச்சையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஹைதராபாத் நிஜாமின் பொருளுதவியில், எட்வர்டு லாரி என்ற மருத்துவரின் முயற்சியால், 1888-இலும் 1889-இலும் இரண்டு குளோரோபாரம் விசாரணைக் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு அபாயமில்லை என்பது அவற்றின் முடிவு. இதயம் திடீரெனத் துடிதுடித்து நிற்பதும் உண்டு என்று 1911-இல் லெவி என்பவர் நிறுவினார். ஹைதராபாத் முடிவு திருத்தப்பட்டது. ஆயினும் ‘மூச்சைக் கவனி’ என்ற பாடம் பயனற்றுப் போகவில்லை. அந்நகரிலேயே லாரியிடம் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் எனக் கருதப்படுகிறார்.

இந்நிலையில், 1903-இல், கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ராபர்ட் கென்னடி பேற்று வாதத்துக்கு அறுவை செய்தார். வடுவாகிப் போன நரம்புப் பகுதியை வெட்டி நீக்கி, நல்ல முனைகளை இணைத்துத் தைத்ததாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நியூயார்க்கில் டெய்லர் என்பவர் அதைத் தொடர்ந்தார். 1920-இல் எழுபது அறுவைகளின் விவரத்தை வெளியிட்டார். அக்காலத்தில் கையிலிருந்தவை, துணியின் மேலோ கம்பி வலை முகமூடியின் மேலோ சொட்டுச் சொட்டாக விடும் ஈதரும் குளோரோபாரமுமே. அறுவையோ குழந்தையின் கழுத்தில். முகமூடி பிடிப்பவரின் கையும் கத்தி பிடிப்பவரின் கையும் ஒரே சாண் இடத்துக்குப் போட்டியிட்டன. நுண்ணோக்கி இல்லை, இரத்தம் ஏற்றும் வசதி குறைவு. 1925-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸெவர், ஆயிரத்து நூறு குழந்தைகளை ஆராய்ந்து, அறுவையால் தனிப் பயன் காணவில்லை என்று அறிவித்தார். அத்துடன் அக்கலை ஏறத்தாழ அரை நூற்றாண்டு உறங்கிப் போயிற்று. துவண்ட கையோடு குழந்தைகள் வளர்ந்தன.

அந்த உறக்க காலத்தில்தான், உறங்க வைக்கும் கலை வளர்ந்தது. சிறு குழந்தை பெரியவரின் குறுவடிவம் என்று கருதியதே அதுவரை நேர்ந்த பிழை. உடல் எடைக்கு எடை பார்த்தால், கைக்குழந்தை பெரியவரைப் போல இரு மடங்கு பிராணவாயுவைச் செலவிடுகிறது. சேமிப்போ மிகக் குறைவு. மூச்சு சிறிது தடைப்பட்டாலும் சில நொடிகளில் நீலம் பாரித்துவிடும். ஆறு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் மொத்தம் அரை லிட்டருக்குள்தான். ஒரு தேநீர்க் கோப்பை அளவு இழந்தாலும் அது பேரிழப்பு. மூச்சுக் குழாய் நான்கைந்து சென்டிமீட்டர் நீளமே. அதற்குள் செலுத்தும் குழாயின் உள் விட்டம் மூன்றரை மில்லிமீட்டர். சற்றே உள்ளே நழுவினால் ஒரு நுரையீரல் மட்டும் காற்றுப் பெறும்; சற்றே வெளியே நழுவினால் இரண்டும் பெறா. தோலின் பரப்பு மிகுதியாதலால் உடற்சூடும் விரைந்து போய்விடும்.

பெரியவர்களுக்கான கருவிகளில் அடைப்பிதழ்கள் இருந்தன. மூச்சை உள்ளும் புறமும் தள்ளுகையில் அவற்றைத் திறக்கும் வலிமை குழந்தைக்கு இல்லை. வெளிவிட்ட காற்றையே திரும்ப உள்ளிழுத்து வாடிற்று. 1937-இல், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், பிளந்த உதட்டைத் தைக்கும் அறுவைகளில் மயக்கம் கொடுத்து வந்த பிலிப் ஐயர், ‘டீ’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் மூன்று வாயுள்ள சிறு குழாய் ஒன்றைச் செய்தார். அடைப்பிதழ் ஏதும் அதில் இல்லை. 1950-இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ், அதன் ஒரு முனையில் வால் திறந்த சிறு பை ஒன்றைச் சேர்த்தார். அந்தப் பையை உள்ளங்கையில் பிடித்திருக்கும் மருத்துவர், குழந்தையின் ஒவ்வொரு மூச்சையும் விரல்களால் உணர்கிறார். விலை மிகுந்த எந்திரங்கள் வந்துவிட்ட இன்றும் நம் நாட்டு அறுவைக் கூடங்களில் அந்தப் பை தொங்கிக் கொண்டிருக்கிறது. 1956-இல் ஹாலோத்தேன், அதன் பின் செவோபுளூரேன் என்று எரிச்சலூட்டாத ஆவிகளும் வந்தன. விரலில் மாட்டினால் இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் கருவியின் அடிப்படையை 1974-இல் ஜப்பானியரான தாக்குவோ ஆயோயாகி வெளியிட்டார். குழந்தை நீலம் பாரிக்கும் முன்னரே எச்சரிக்கை மணி அடிக்க வழி பிறந்தது.

மூச்சும் இரத்தமும் சூடும் இவ்வாறு கவனிக்கப்பட்டன. வலி கவனிக்கப்பட்டதா? இங்குதான் ஆச்சியின் கேள்வி குறுக்கிடுகிறது.

பச்சிளங் குழந்தையின் நரம்புகள் முற்றாதவை, ஆகையால் அதற்கு வலி தெரியாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவிற்று. 1941-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஊசியால் குத்தியபோது பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகள் தெளிவாக எதிர்வினை காட்டவில்லை என்று கூறப்பட்டது. அது அக்கருத்துக்கு வலுவூட்டிற்று. வலி நீக்கும் வலிய மருந்துகள் மூச்சை அடக்கிவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த அச்சம் பொய்யன்று. கருவிகள் குறைந்த காலத்தில் அது நியாயமானதே. ஆனால் அதன் விளைவு கொடிது. மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும், சிறிது நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து அறுப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. தசை தளர்ந்த குழந்தை அசையாது, அழாது. அசையாததால் வலியில்லை என்று கொள்ளப்பட்டது.

1985-இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு இதயத்தருகே அறுவை நடந்தது. அதற்குத் தசைத் தளர்வு மருந்து மட்டுமே கொடுக்கப்பட்டிருந்ததைத் தாய் பின்னர் அறிந்தார். குழந்தை பிழைக்கவில்லை. அத்தாய் வாயை மூடிக் கொண்டிருக்கவில்லை. நாளேடுகளுக்கு எழுதினார், நாடு முழுவதும் கேட்கச் செய்தார்.

அதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் விடையைத் தேடிக் கொண்டிருந்தவர் ஓர் இந்தியர். காஷ்மீரத்தில் பிறந்து, இந்தூர் மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் அவர். அறுவை முடிந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகள் சாம்பல் நிறம் பூத்து, நாடி தடுமாறி வருவதைக் கண்டு அவர் ஐயுற்றார். பேசாத குழந்தையிடம் வாயால் விடை பெற முடியாது. இரத்தத்தால் பெறலாம் என்று கருதினார். துன்புறும் உடல் சில சுரப்புகளை மிகுதியாகச் சுரக்கிறது. ஒரே வகை அறுவை செய்துகொண்ட குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்துகளும், மறு பிரிவுக்கு அவற்றோடு பென்டனில் என்ற வலி நீக்கியும் கொடுத்தனர். வலி நீக்கி பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் துன்பத்தின் சுரப்புகள் பொங்கி எழுந்தன. அறுவைக்குப் பின் அவர்களே மிகுதியாக நலிவுற்றனர். 1987-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. அதே ஆண்டில், பிறந்த குழந்தைக்கும் வலி உண்டு என்பதற்கான சான்றுகள் அனைத்தையும் ஒருங்கு திரட்டி அவரும் ஹிக்கி என்பவரும் வெளியிட்டனர். குழந்தை என்பதற்காக மயக்கத்தையும் வலி நீக்கியையும் மறுக்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அவ்வாண்டே அறிவித்தது.

ஆச்சியின் கேள்விக்கு விடை இதுவே. குழந்தை பேசாது, அதன் நாடி பேசும், இரத்த அழுத்தம் பேசும், வியர்வை பேசும், இரத்தம் பேசும். அவற்றைக் கேட்கக் கற்றுக் கொண்டார்கள். விழித்த பின் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை எண் இட்டு, பத்துக்கு இத்தனை வலி என்று செவிலியர் குறிக்கின்றனர். 1997-இல் வெளியான இந்த அளவுகோல் இன்று பரவலாக வழங்குகிறது. தாய்மார் ஏட்டில் எழுதாமல் என்றும் செய்து வந்ததையே இது எண்ணில் எழுதுகிறது எனலாம்.

இதற்கிடையில் உறங்கிக் கிடந்த நரம்பறுவையும் விழித்துக் கொண்டது. வியன்னாவில் மில்லெசி, அறுந்த முனைகளை இழுத்துத் தைக்காமல், இடையே வேறு நரம்புத் துண்டை ஒட்டு வைக்கும் முறையை வகுத்தார். லோசானில் நரக்காஸ் புயப் பின்னல் அறுவையில் வழிகாட்டினார். பாரிஸில் அலன் ஜில்பர்ட் 1970-களின் பிற்பகுதி முதல் கைக்குழந்தைகளுக்கு அதைச் செய்தார். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்கும் தசை உயிர் பெறாவிட்டால் அறுவை பற்றி முடிவு செய்ய வேண்டும் என்ற அவரது விதி பலராலும் பின்பற்றப்படுகிறது. காத்திருக்கவும் நெடுநாள் முடியாது. நரம்பு வராத தசை நாளடைவில் வற்றிப் போகும்.

நம் நாட்டிலும் இதற்கு நிலம் பண்பட்டிருந்தது. 1948 முதல் வேலூரில் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப் போன கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றி உயிர் தந்தார். நரம்பு முற்றும் திரும்பாத குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் செய்யும் அறுவையும் அவ்வகையைச் சேர்ந்ததே. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனிப் பிரிவை வளர்த்தார். கோயமுத்தூரில் 1978-இல் கங்கா மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன், தொழிலால் மயக்க மருத்துவர். கை, நரம்பு அறுவைகளுக்குப் பெயர் பெற்ற ஒரு நிலையம் கத்தி பிடித்தவரால் அன்றி, மூச்சுப் பை பிடித்தவரால் தொடங்கப்பட்டது என்பது நினைவில் வைக்கத் தக்கது. மும்பையில், எங்கள் குடியிருப்பிலிருந்து அதிக தூரமில்லாத பரேலில், வாடியா குடும்பத்தார் 1926-இல் மகப்பேற்று மருத்துவமனையையும் 1929-இல் குழந்தைகள் மருத்துவமனையையும் நிறுவினர். நகரின் எளிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக அவற்றின் வாசலில் காத்திருந்திருக்கின்றன.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். முதலில் படம். நரம்பு கிழிந்திருக்கிறதா, வேரோடு பிடுங்கப்பட்டிருக்கிறதா என்று அறிந்தால்தான் அறுவையைத் திட்டமிட முடியும். எக்ஸ்-கதிர் எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. காந்தப் புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் நரம்பு வேர்களைக் காட்டுகிறது. அதற்கான காந்தம் பூமியின் காந்த விசையைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. குழந்தை அரை மணி நேரத்துக்கு மேல் குகை போன்ற குழலுக்குள், தட்டும் ஓசைக்கு நடுவே, அசையாதிருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானால், வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்து உறங்க வைத்தே பல வேளைகளில் படமெடுத்துவிடலாம். நம் பாட்டிமார் அறிந்த வித்தையே அது. ஐந்து மாதக் குழந்தை அவ்வளவு எளிதில் ஏமாறாது. ஆகவே மயக்கம் தேவைப்படுகிறது.

அந்த அறையில் மயக்க மருத்துவரின் வேலை கடினமானது. இரும்பாலான எதையும் உள்ளே கொண்டு போகலாகாது. கருவிகள் யாவும் காந்தம் இழுக்காத பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும். 2018 ஜனவரியில் இந்த மும்பையிலேயே, ஆக்சிஜன் உருளையோடு அவ்வறைக்குள் நுழைந்த ஓர் இளைஞர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். குழந்தையோ குழலுக்குள் இருக்கிறது, கைக்கு எட்டாது. நீண்ட குழாய்களின் வழியும், திரையில் ஓடும் கோடுகளின் வழியும் மட்டுமே மருத்துவர் அதன் மூச்சை அறிகிறார்.

அறுவை நாளின் விதிகள் வேறு. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலில் புகாதிருக்க, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்னரும், மற்றப் பால் ஆறு மணி நேரம் முன்னரும் நிறுத்தப்பட வேண்டும். தெளிந்த நீரை ஓரிரு மணி நேரம் முன்பு வரை தரலாம். பசியில் அழுகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு வாய் பால் கொடுப்பது அன்பன்று, ஆபத்து. அதே போல, அஞ்சி அளவுக்கு மீறிப் பட்டினி போடுவதும் தவறு.

அறுவை ஐந்தாறு மணி நேரமும் அதற்கு மேலும் நீளலாம். கழுத்தைத் திறந்திருப்பதால் குழந்தையின் முகம் துணிகளுக்கு அடியில் மறைந்துவிடும். குழாயை முன்னரே அசையாதபடி ஒட்டி வைக்க வேண்டும். இந்த அறுவைக்கெனத் தனி நுட்பம் ஒன்றும் உண்டு. எந்த நரம்பு உயிரோடிருக்கிறது என்று அறிய அறுவையாளர் சிறு மின்சாரத்தால் அதைத் தொட்டுப் பார்ப்பார். தசை துடிக்க வேண்டும். தசைத் தளர்வு மருந்தின் வேகம் மிஞ்சியிருந்தால் உயிருள்ள நரம்பும் செத்தது போல் காட்டும். ஆகையால் தொடக்கத்தில் கொடுத்த சிறிதளவு மருந்தும் தீரும்வரை காத்திருந்து, பின்பு ஆவியாலும் வலி நீக்கியாலும் மட்டுமே அசையாமல் வைத்திருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் வலியை மறைத்த அதே மருந்து, இந்த அறுவையில் விலக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுக்கான நரம்பு இரு கெண்டைக் கால்களிலிருந்து எடுக்கப்படும். தாய் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது காலிலும் தையல் இருப்பது அதனால்தான். முன்னரே செய்து வைத்த கூட்டுக்குள் தலையையும் கையையும் கட்டிய பிறகே எழுப்புவர். மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பும் அதே கழுத்தின் வழியாகச் செல்வதால், எழுந்த பின்னரும் மூச்சை நெடுநேரம் கவனிப்பர்.

படிவத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைப் படிக்க எனக்கே தயக்கமாயிருந்தது. வளரும் மூளையை நீண்ட மயக்கம் பாதிக்கக் கூடும் என்பது அது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம், மூன்று வயதுக்கு உட்பட்டவர்க்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. விலங்குகளில் கண்டதே அதற்குப் பெரும் ஆதாரம். குடலிறக்க அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, முதுகில் ஊசி போட்டு விழித்திருந்த குழந்தைகளோடு ஒப்பிட வேறுபாடு காணப்படவில்லை. 2019-இல் வெளியான முடிவு அது. குறுகிய மயக்கத்துக்கு அது ஆறுதல். ஆறு மணி நேர மயக்கத்துக்கு அவ்வளவு தெளிவான விடை இன்னும் இல்லை. தள்ளிப் போடக்கூடிய அறுவையைத் தள்ளிப் போடுவது அறிவுடைமை. ஆனால் இந்த நரம்பு காத்திருக்காது. ஒரு பக்கம் அறியாத அபாயம். மறு பக்கம் அறிந்த இழப்பு. இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டியவர்கள் அந்தப் பெற்றோரே. நிறுக்க வேண்டுமானால் தட்டில் என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய மொழியில் தெரிய வேண்டும்.

அந்த வரியையும் நான் மறைக்காமல் சொன்னேன். “ஆச்சி, இதற்கு முழு விடை யாருக்கும் தெரியாது, தெரியாது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுதவங்களை நம்பலாம்ளா” என்றார். மகள் கையெழுத்திட்டாள்.

அறுவை முடிந்து இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒட்டிய நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். கழுத்திலிருந்து முழங்கையை மடக்கும் தசை வரை அது நடந்தே போக வேண்டும். மாலை வேளைகளில், குடியிருப்பின் மரத்தடியில் ஆச்சி பேரனின் கையை மெல்ல மடக்கியும் நீட்டியும் பயிற்சி கொடுக்கிறார். சென்ற வாரம் ஒரு பிஸ்கட்டைக் காட்டியபோது, தூக்க முடியாத அந்தக் கை, முழங்கையில் சற்றே மடங்கியது. வாய்க்கு எட்டவில்லை, பாதி வழிதான் வந்தது. ஆச்சி பிஸ்கட்டைப் பாதி வழிக்குக் கீழே இறக்கிக் கொடுத்தார்.